கையொப்பம் மட்டும் சம்மதம் ஆகுமா? மருத்துவ அறம் குறித்த ஓர் ஆய்வுக் கண்ணோட்டம்

அறுவை சிகிச்சைக்கு முன்பாக நோயாளியிடம் ஒரு படிவத்தைக் கொடுத்துக் கையொப்பம் பெறுவது இன்று உலகின் பெரும்பாலான மருத்துவமனைகளில் வழமையான நடைமுறையாகிவிட்டது. பலர் அந்தப் படிவத்தை முழுமையாகப் படிப்பதில்லை. படித்தாலும் அது புரியும் என்று சொல்வதற்கில்லை.

அப்படியானால் அந்தக் கையொப்பத்தின் பொருள் என்ன? சிகிச்சையில் உள்ள ஆபத்துகளையும் அதற்கு மாற்றாக உள்ள வழிகளையும் அறிந்து, நோயாளி தானே எடுத்த முடிவின் அடையாளமா? அல்லது பின்னாளில் வழக்கு வந்தால் மருத்துவமனைக்குக் காப்பாக அமையும் ஒரு காகிதம் மாத்திரமா?

"விவரமறிந்த ஒப்புதல்" என்று அழைக்கப்படும் இந்தக் கோட்பாடு கடந்த நூறு ஆண்டுகளில் உருவாகி வளர்ந்த ஒன்று. தத்துவவாதிகளும் நீதிபதிகளும் மருத்துவர்களும் இன்றளவும் இது குறித்து விவாதித்து வருகின்றனர். தாய்மொழியல்லாத மொழியில் மருத்துவரைச் சந்திக்க வேண்டிய நிலையில் உள்ள புலம்பெயர்ந்த தமிழர்களுக்கு இந்த விவாதம் நேரடித் தொடர்புடையது.

நம்பிக்கையா, உண்மையா?

பழைய மருத்துவ அறநெறிகள் நோயாளியின் நன்மையை வலியுறுத்தின. ஆனால் நோயாளியின் சம்மதத்தை அவை பெரிதாகப் பேசவில்லை. 1847ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்கம் வெளியிட்ட அறநெறித் தொகுப்பு, மருத்துவர் நோயாளிக்கு நம்பிக்கையூட்டுபவராக இருக்க வேண்டும் என்றும், மனம் தளரச் செய்யும் செய்திகளைச் சொல்ல முந்திக்கொள்ளக் கூடாது என்றும் அறிவுறுத்தியது. பிள்ளையின் நலனைத் தந்தை தீர்மானிப்பது போல, நோயாளியின் நலனை மருத்துவர் தீர்மானிப்பார் என்பதே இதன் அடிப்படை.

இந்த மனப்பான்மை அண்மைக்காலம் வரை நீடித்தது. 1961இல் அமெரிக்க மருத்துவர்களிடையே நடத்தப்பட்ட ஒரு கருத்தாய்வில், புற்றுநோய் இருப்பதை நோயாளியிடம் சொல்லாமல் இருப்பதையே விரும்புவதாக 90 சதவீதத்தினர் கூறினர். 1979இல் அதே கேள்வி மீண்டும் கேட்கப்பட்டபோது, சொல்வதையே விரும்புவதாக 97 சதவீதத்தினர் தெரிவித்தனர். இருபது ஆண்டுகளுக்கும் குறைவான காலத்தில் ஒரு தொழிலின் நெறி தலைகீழாக மாறியது.

இந்த மாற்றத்துக்கு வழிவகுத்தவற்றில் மனித உயிர்கள் மீது நடத்தப்பட்ட கொடிய பரிசோதனைகளும் அடங்கும். நாஜி மருத்துவர்கள் மீதான வழக்கின் முடிவில் 1947இல் வெளியான நியூரம்பெர்க் நெறிமுறைகள், சோதனைக்கு உட்படுத்தப்படுபவரின் தன்னிச்சையான சம்மதம் இன்றியமையாதது என்று அறிவித்தன. ஆயினும் அமெரிக்காவின் டஸ்கிகீ நகரில் சிஃபிலிஸ் நோய் கண்டிருந்த கறுப்பின ஆண்களுக்கு உண்மையைச் சொல்லாமலும் உரிய சிகிச்சை அளிக்காமலும் 1932இல் தொடங்கிய அரசு ஆய்வு, 1972இல் பத்திரிகைகள் அம்பலப்படுத்தும் வரை தொடர்ந்தது.

எனினும் ஆய்வுக்கான சம்மதம் வேறு, சிகிச்சைக்கான சம்மதம் வேறு. சிகிச்சை அளிக்கும் மருத்துவர் நோயாளிக்குத் தீங்கு நினைப்பவர் அல்லர். அவரது நல்லெண்ணத்தை ஏற்றுக்கொண்ட பின்னரும் நோயாளியின் சம்மதம் ஏன் தேவை என்பதே தத்துவ ரீதியில் கடினமான கேள்வி.

1957: ஒரே ஆண்டு, இரு பாதைகள்

வயதுவந்த, தெளிந்த மனமுடைய ஒவ்வொருவருக்கும் தன் உடலுக்கு என்ன செய்யப்பட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை உண்டு என்று நியூயார்க் நீதிபதி பெஞ்சமின் கார்டோசோ 1914இல் எழுதினார். பரிசோதனைக்கு மட்டும் சம்மதித்த ஒரு பெண்ணுக்கு, மயக்க நிலையில் அறுவை சிகிச்சை செய்து கட்டியை அகற்றியது தொடர்பான வழக்கு அது. இன்று பெரிதும் மேற்கோள் காட்டப்படும் அந்த வழக்கில் அந்தப் பெண் தோற்றுப்போனார் என்பது குறிப்பிடத்தக்கது. அறக்கட்டளை மருத்துவமனைகள் மீது பொறுப்புச் சுமத்த முடியாது என்பதே அக்காலச் சட்டமாக இருந்தது.

சம்மதம் பெறுவது மட்டும் போதாது, அதற்கு முன்பு விவரம் சொல்லப்பட வேண்டும் என்ற கருத்து 1957இல் கலிஃபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் சால்கோ தீர்ப்பில் இடம்பெற்றது. "விவரமறிந்த ஒப்புதல்" என்ற சொற்றொடர் சட்ட வழக்கில் நுழைந்தது அப்போதுதான். இரத்தக் குழாய் பரிசோதனை ஒன்றுக்குப் பின்னர் கால்கள் செயலிழந்த ஒருவர் தொடுத்த வழக்கு அது.

அதே 1957இல் இங்கிலாந்து வேறு திசையில் சென்றது. மின்அதிர்ச்சி சிகிச்சையின்போது எலும்பு முறிவுக்கு உள்ளான ஒருவர் தொடுத்த போலம் வழக்கில், பொறுப்புள்ள மருத்துவர்களில் ஒரு பிரிவினர் சரியென ஏற்கும் முறைப்படி நடந்துகொண்ட மருத்துவரைக் கவனக்குறைவானவர் என்று கூற முடியாது என நீதிமன்றம் வரையறுத்தது. நோயாளியிடம் எதைச் சொல்ல வேண்டும் என்பதற்கும் இதுவே அளவுகோலானது. அதாவது, நோயாளி எதை அறிய வேண்டும் என்பதை மருத்துவர்களின் வழக்கமே தீர்மானித்தது.

1985இல் சைடவே வழக்கில் பிரிட்டனின் பிரபுக்கள் சபை இந்த அளவுகோலைப் பெருமளவில் உறுதிசெய்தது. முதுகுத்தண்டு அறுவை சிகிச்சையில் நரம்புத் தண்டு சேதமடைவதற்கு இருந்த ஒரு சதவீதத்துக்கும் குறைவான ஆபத்து நோயாளிக்குச் சொல்லப்படவில்லை என்பது அந்த வழக்கு. நோயாளியின் கண்ணோட்டத்திலிருந்தே இதைப் பார்க்க வேண்டும் என்று கொள்கை அளவில் மாறுபட்டவர் ஸ்கார்மன் பிரபு ஒருவரே. அவருடைய நிலைப்பாடு சட்டமாவதற்கு மேலும் 30 ஆண்டுகள் ஆயின.

ஆபத்தை எடைபோடுவது யார்?

சம்மதத்துக்கான தத்துவ அடிப்படையைப் பொதுவாக இரு சிந்தனையாளர்களிடம் தேடுவர். மனிதரை வேறொரு நோக்கத்துக்கான கருவியாக மட்டும் நடத்தக் கூடாது என்றார் ஜெர்மானியத் தத்துவவாதி இம்மானுவேல் காண்ட். ஒருவருடைய நன்மைக்காக என்று சொல்லியும் அவரைக் கட்டாயப்படுத்த முடியாது என்று 1859இல் வாதிட்டார் ஜான் ஸ்டூவர்ட் மில். 1979இல் டாம் போஷாம்ப், ஜேம்ஸ் சில்ட்ரெஸ் ஆகிய அமெரிக்க அறிஞர்கள் வெளியிட்ட நூல், தன் முடிவைத் தானே எடுக்கும் உரிமை, நன்மை செய்தல், தீங்கு செய்யாமை, நீதி ஆகிய நான்கையும் மருத்துவ அறத்தின் தூண்களாக நிறுவியது.

ஆனால் உரிமை என்ற சொல்லைப் பயன்படுத்தாமலேயே சம்மதத்தின் தேவையை விளக்க இயலும். ஓர் ஆபத்து ஏற்படுவதற்கான வாய்ப்பு எவ்வளவு என்பது மருத்துவ அறிவு சார்ந்தது. அந்த ஆபத்து ஏற்கத்தக்கதா என்பது அப்படியல்ல. அது நோயாளியின் வாழ்க்கை சார்ந்தது. முதலாவதில் மருத்துவர் நிபுணர். இரண்டாவதில் நோயாளியைத் தவிர வேறு நிபுணர் இல்லை.

ஆஸ்திரேலியாவில் 1992இல் தீர்ப்பளிக்கப்பட்ட ஒரு வழக்கு இதற்குச் சான்று. வலது கண்ணில் ஏறத்தாழப் பார்வையிழந்திருந்த ஒரு பெண் அந்தக் கண்ணில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். நன்றாக இருந்த இடது கண்ணுக்கு ஏதும் நேர்ந்துவிடக் கூடாது என்ற கவலையை அவர் மருத்துவரிடம் திரும்பத் திரும்ப வெளிப்படுத்தியிருந்தார். ஒரு கண்ணில் செய்யும் சிகிச்சை மறு கண்ணைப் பாதிக்கும் வாய்ப்பு 14,000இல் ஒன்று. அவருக்கு அதுவே நேர்ந்தது, ஏறத்தாழ முழுமையாகப் பார்வையிழந்தார்.

14,000இல் ஒன்று என்பது மருத்துவருக்கு மிகச் சிறிய எண். ஒரே கண்ணை நம்பியிருப்பவருக்கு அது சிறியதல்ல. மறு கண் பாதிக்கப்படுமா என்று அவர் நேரடியாகக் கேட்கவில்லை என்ற வாதத்தை ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. இருப்பதையே அறியாத ஓர் ஆபத்தைப் பற்றி எவரும் கேள்வி எழுப்ப முடியாது.

பிரிட்டனின் தாமதமான திருப்பம்

ஸ்காட்லாந்தில் 1999இல் நிகழ்ந்த ஒரு பிரசவம் பிரிட்டிஷ் சட்டத்தை மாற்றியமைத்தது. தாய் உயரம் குறைந்தவர், இன்சுலின் தேவைப்படும் நீரிழிவு நோயாளி. இத்தகையோருக்குப் பிரசவத்தின்போது குழந்தையின் தோள் சிக்கிக்கொள்ளும் வாய்ப்பு 9 முதல் 10 சதவீதம். மருத்துவர் இதைச் சொல்லவில்லை. குழந்தைக்குக் கடும் பாதிப்பு ஏற்படும் வாய்ப்பு மிகக் குறைவு என்றும், சொன்னால் பெண்கள் சிசேரியனையே கேட்பார்கள், அது தாயின் நலனுக்கு உகந்ததல்ல என்றும் அவர் கருதினார்.

அந்தப் பிரசவத்தில் குழந்தையின் தோள் சிக்கியது. தலை வெளிவந்து உடல் வெளிவருவதற்கு இடைப்பட்ட 12 நிமிடங்களில் பிராணவாயு கிடைக்காமல் குழந்தையின் மூளை பாதிக்கப்பட்டது.

2015 மார்ச் 11ஆம் தேதி, மான்ட்கோமரி வழக்கு என்று அறியப்படும் இந்த வழக்கில், ஏழு நீதிபதிகள் அடங்கிய பிரிட்டிஷ் உச்சநீதிமன்றம் தாய்க்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 52 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டுகள் இழப்பீடாக வழங்கப்பட்டது. சிகிச்சையில் உள்ள முக்கிய ஆபத்துகளையும் நியாயமான மாற்று வழிகளையும் மருத்துவர் தெரிவிக்க வேண்டும் என்றும், அந்த நோயாளியின் நிலையில் உள்ள ஒருவர் முக்கியமாகக் கருதக்கூடியது எது என்பதே அளவுகோல் என்றும் நீதிமன்றம் கூறியது. புரியாத தொழில்நுட்ப விவரங்களை அள்ளிக் கொட்டிவிட்டுக் கையொப்பம் வாங்குவது இந்தக் கடமையை நிறைவேற்றியதாகாது என்றும் அது தெளிவுபடுத்தியது.

இதற்கும் எல்லை உண்டு. எந்தெந்த மாற்று வழிகள் நியாயமானவை என்பதைத் தீர்மானிப்பது மருத்துவத் தொழில்சார் மதிப்பீடே என்று 2023இல் அதே நீதிமன்றம் மற்றொரு வழக்கில் தீர்ப்பளித்தது.

ஆசிய நாடுகளின் நிலை

மலேஷியாவின் கூட்டரசு நீதிமன்றம் பிரிட்டனுக்கு முன்னரே, 2006 டிசம்பரில், ஆஸ்திரேலிய வழியைப் பின்பற்றி, ஆபத்துகளைத் தெரிவிப்பதில் போலம் அளவுகோலைக் கைவிட்டது.

சிங்கப்பூரின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017இல் நோயாளியை மையப்படுத்தும் அளவுகோலை ஏற்றது. ஆனால் வழக்குக்கு அஞ்சி மருத்துவர்கள் தற்காப்பு நோக்கில் செயல்படத் தொடங்குவர் என்ற கவலை எழுந்தது. 2020இல் நிறைவேற்றப்பட்டு 2022 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்திருத்தம், சக மருத்துவர்களின் கருத்தை மீண்டும் அளவுகோலாக்கியது. எனினும் அந்தக் கருத்து, நோயாளி முடிவெடுக்கத் தேவையான விவரங்களைக் கணக்கில் கொண்டதாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தது.

இந்திய உச்சநீதிமன்றம் 2008 ஜனவரியில் அளித்த சமீரா கோலி வழக்கின் தீர்ப்பு வேறொரு கேள்வியை முன்வைத்தது. மணமாகாத 44 வயதுப் பெண் ஒருவர் பரிசோதனைக்காக மயக்க நிலையில் வைக்கப்பட்டிருந்தார். வெளியே காத்திருந்த தாயாரிடம் சம்மதம் பெற்று, அவரது கருப்பையையும் கருவகங்களையும் மருத்துவர் அகற்றினார். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாத நிலையில், கண் விழித்ததும் தானே முடிவெடுக்கக்கூடிய ஒருவருக்காக அவரது தாய் சம்மதம் தர முடியாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே வேளையில், எவ்வளவு விவரம் சொல்ல வேண்டும் என்பதில் அமெரிக்க அளவுகோலை ஏற்காமல், பழைய பிரிட்டிஷ் முறைக்கு நெருக்கமான நிலைப்பாட்டையே இந்திய நீதிமன்றம் தேர்ந்துகொண்டது.

குடும்பம் எங்கே நிற்கிறது?

பெற்ற தாயின் சம்மதமே செல்லாது என்ற முடிவு தமிழ்க் குடும்பங்களில் பலருக்கு வியப்பளிக்கக்கூடும். "அப்பாவிடம் சொல்லாதீர்கள் டாக்டர், தாங்கமாட்டார்" என்று பிள்ளைகள் மருத்துவரைத் தனியே அழைத்துச் சொல்வது நமக்குப் புதிதல்ல. அதில் இருப்பது வஞ்சகம் அல்ல, அன்பு.

தனிமனிதரை மையமாகக் கொண்ட கோட்பாடு மேற்கத்திய மரபின் விளைபொருள் என்ற விமர்சனமும் உண்டு. லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் நான்கு இனக்குழுக்களைச் சேர்ந்த 800 முதியவர்களிடம் நடத்தப்பட்டு 1995இல் வெளியான ஓர் ஆய்வு, இந்த விமர்சனத்துக்கு வலுச் சேர்த்தது. பரவிய புற்றுநோய் இருப்பதை நோயாளியிடம் சொல்ல வேண்டும் என்று ஐரோப்பிய வம்சாவளியினரில் 87 சதவீதத்தினர் கருதினர். கொரிய வம்சாவளியினரில் அப்படிக் கருதியவர்கள் 47 சதவீதத்தினர் மட்டுமே.

ஆனால் இதே எண்களை மறுபுறமிருந்தும் பார்க்க வேண்டும். கொரிய முதியவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் சொல்ல வேண்டும் என்றே விரும்பினர். ஒருவரின் இனத்தையோ மொழியையோ வைத்து அவர் உண்மையை அறிய விரும்பமாட்டார் என்று முடிவு செய்தால், அந்தப் பாதிப் பேருக்கு அநீதி இழைக்கப்படும்.

இதற்கு மருத்துவ அறவியலாளர்கள் கூறும் தீர்வு எளிமையானது. எவ்வளவு அறிய விரும்புகிறீர்கள், யாரிடம் பேச வேண்டும் என்று நோயாளியிடமே முன்கூட்டிக் கேட்பது. "என் மகளிடம் சொல்லுங்கள், அவள் பார்த்துக்கொள்வாள்" என்று ஒரு தாய் சொன்னால், அது அவருடைய முடிவு. அவரைக் கேட்காமலேயே மகளிடம் சொல்வது அவருடைய முடிவு அல்ல. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். அறத்தின் பார்வையில் இரண்டுக்கும் இடையே பெரும் தூரம் உண்டு.

மொழி என்ற மதில்

கனடாவின் உச்சநீதிமன்றம் 1980இல் அளித்த ரைபிள் வழக்கின் தீர்ப்பு புலம்பெயர்ந்தோர் அறிய வேண்டிய ஒன்று. ஒன்டாரியோ மாகாணத்தில் ஒரு மோட்டார் நிறுவனத் தொழிலாளி, மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் கழுத்துத் தமனியில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, பக்கவாதத்தால் வலது பக்கம் செயலிழந்தார். சிகிச்சை முடிந்தால் தலைவலி தீரும் என்று அவர் எண்ணியிருந்தார். அந்தச் சிகிச்சை தலைவலிக்கானது அல்ல. முழு ஓய்வூதியத்துக்குத் தகுதிபெற அவருக்கு ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு மட்டுமே மீதமிருந்தது. ஆபத்து தெரிந்திருந்தால் அதுவரை தள்ளிப்போட்டிருப்பேன் என்றார். நீதிமன்றம் அதை ஏற்றது.

அவருக்கு ஆங்கிலத்தில் சிரமம் இருந்ததால், தான் சொன்னது புரிந்ததா என்பதை உறுதிசெய்ய வேண்டிய பொறுப்பு மருத்துவருக்கு இன்னும் கூடுதலாக இருந்தது என்று தலைமை நீதிபதி போரா லாஸ்கின் சுட்டிக்காட்டினார். புரியவைப்பது மருத்துவரின் கடமை. புரியாதது நோயாளியின் குற்றமல்ல என்பதே இதன் சாரம்.

லண்டனிலோ டொரொன்டோவிலோ உள்ள தமிழ் முதியவர்கள் பலருக்கு மகனோ மகளோ பேரப்பிள்ளையோதான் மொழிபெயர்ப்பாளர். "கட்டி" என்ற ஒரே சொல் சாதாரணக் கொப்புளத்தையும் குறிக்கும், புற்றுநோயையும் குறிக்கும். எதைச் சொல்வது, எதை விழுங்கிவிடுவது என்பதை அந்த நொடியில் பிள்ளையே தீர்மானிக்கிறார். அந்தச் சுமையைப் பதின்வயதுப் பிள்ளை ஒன்று சுமக்க நேர்வது அந்தப் பிள்ளைக்கும் நியாயமல்ல. குடும்பத்தினரை மொழிபெயர்ப்பாளராகப் பயன்படுத்துவதைத் தவிர்க்க வேண்டும் என்றே பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை வழிகாட்டுகிறது. தொழில்முறை மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்பது சலுகை கோருவது ஆகாது.

மருத்துவர் பேசும்போது நம்மவர்கள் "சரி, சரி" என்று தலையாட்டுவதும் உண்டு. கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கான மரியாதை அது. வேற்று மொழி மருத்துவர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக்கூடும். இதனால்தான், தான் சொன்னதை நோயாளியின் சொந்தச் சொற்களில் திருப்பிச் சொல்லுமாறு கேட்கும் முறை பரிந்துரைக்கப்படுகிறது. ஆபத்தின் அளவைச் சதவீதத்தில் சொல்வதைவிட "நூறு பேரில் ஒருவருக்கு" என்று சொல்வதும் பலருக்கு எளிதில் விளங்கும்.

கோட்பாட்டின் எல்லை

எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் சம்மதம் முழுமையாகிவிடும் என்பதும் மாயையே என்கிறார் பிரிட்டனைச் சேர்ந்த தத்துவவாதி ஒனோரா ஓநீல். எந்த விளக்கமும் முழுமையானதாக இருக்க முடியாது. நீண்ட படிவங்கள் நம்பிக்கையை வளர்ப்பதில்லை. சம்மதத்தின் உண்மையான பணி, நோயாளி ஏமாற்றப்படவும் இல்லை, கட்டாயப்படுத்தப்படவும் இல்லை என்பதை உறுதிப்படுத்துவதே என்பது அவரது வாதம்.

"நீங்களே பார்த்துச் செய்யுங்கள் டாக்டர்" என்று சொல்லும் நோயாளியின் நிலை இங்கே சிந்திக்கத்தக்கது. தான் கேட்டால் பதில் கிடைக்கும் என்று அறிந்த ஒருவர் அப்படிச் சொன்னால், அது நம்பிக்கையின் அடிப்படையில் எடுத்த முடிவு. அதை மதிக்க வேண்டும். கேட்கும் உரிமை தனக்கு உண்டு என்பதையே அறியாதவர் அப்படிச் சொன்னால், அது முடிவு ஆகாது. இந்த வேறுபாடு படிவத்தில் தெரிவதில்லை. மருத்துவர் ஐந்து நிமிடம் அமர்ந்து பேசினால் மட்டுமே தெரியும்.

அந்த ஐந்து நிமிடங்களை நெரிசல் மிகுந்த மருத்துவமனைகள் எங்கிருந்து பெறும் என்பதற்கு எந்த நீதிமன்றமும் விடை தரவில்லை. ஆனால் நோயாளி தன் பங்குக்குக் கேட்கக்கூடிய கேள்விகள் சில உண்டு. இந்தச் சிகிச்சையால் எனக்கு என்ன பயன்? என்ன ஆபத்து? வேறு வழி உண்டா? எதுவும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? இவற்றுக்குத் தனக்குப் புரியும் மொழியில் விடை கிடைத்த பிறகு போடப்படும் கையொப்பத்தையே ஒப்புதல் என்று அழைக்க முடியும்.